அடி இருக்கலாம், காயம் கூடாது

பிப்ரவரி 3, திங்கள்

காலை முழுவதும் ஒரு நாயின் சாவைப் பற்றி விவாதம். கார்ட்டூன் நாய். நாங்கள் படம் விற்கும் ஒரு நாட்டில், அது செத்தால் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் பார்க்கலாம். செத்ததுபோல் கிடந்து எழுந்துவிட்டால் எல்லோரும் பார்க்கலாம். முதலாளி யோசிக்கவே இல்லை. "எழுப்பிடுங்க மச்சான்" என்றார். எழுப்பினோம். கடைசிக் காட்சியின் பின்னணியில் ஒரு குரைப்புச் சத்தம் சேர்த்தோம், அவ்வளவுதான். உயிர் கொடுப்பது இங்கே அரைமணி நேர வேலை.

சினிமாவைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன் நான். இந்தப் பிழைப்புக்கா?

பிப்ரவரி 6, வியாழன்

முதலாளி என் தங்கையின் கணவர். என்னைவிட இளையவர். ஆனாலும் "மாப்பிள்ளை" என்றும் "நீங்க" என்றும்தான் பேச வேண்டும். உறவு அப்படி. தியேட்டர்களுக்கு நாற்காலி சப்ளை செய்துகொண்டிருந்தவர், அதாவது திரைக்கு முதுகைக் காட்டியே முன்னுக்கு வந்தவர். இப்போது படங்களை வாங்கி நாடு நாடாக விற்கிறார். எந்தப் படத்துக்கு எந்த நாடு என்ன வயதுச் சான்று கொடுக்கும், அதைக் குறைக்க எதை வெட்ட வேண்டும் என்று குறிப்பு எழுதுவது என் வேலை.

என் மேஜைக்கு எதிர்ச் சுவரில், நானே தயாரித்த அட்டவணை தொங்குகிறது. எந்த நாட்டுக்கு எதைக் கண்டால் பயம் என்று அதில் இருக்கிறது. ஒரு நாட்டுக்குத் திறந்த தோள்பட்டை. இன்னொன்றுக்கு ரத்தத்தின் நிறம். கறுப்பாக்கிவிட்டால் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஒரு பெரிய நாட்டில் கெட்ட வார்த்தை ஒரு தடவை வந்தால் பரவாயில்லை, இரண்டாம் தடவை வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். ஒன்றுக்கு சிகரெட். மற்றொன்றுக்கு, பெரியவர்கள் யாரும் அணைக்காமல் தனியாக அழும் குழந்தை. வடக்கே உள்ள குளிர்நாட்டுக்கு உடம்பைப் பற்றிக் கவலை இல்லை, வன்முறையைப் பற்றித்தான்.

மனிதக் குழந்தை ஒன்றுதானே? எல்லை தாண்டினால் அதன் கண் மாறிவிடுமா?

இதை ஒரு நாள் எடிட்டரிடம் சொன்னேன். நாங்கள் அவளைக் "கத்தரி" என்றுதான் கூப்பிடுவோம். நாற்பதைத் தொடப் போகிறவள், வாய் நீளம். "சார், உங்க அட்டவணையைப் பார்த்தா உலக வரைபடம் மாதிரி இல்ல, மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

இன்று வந்த படத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஒரு சலவைக் கடை. கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண். சாப்பிடும்போது ஏதோ ஒரு வார்த்தைக்குக் கணவன் மனைவியை அறைகிறான். ஒரே அறை. எழுந்து வெளியே போய் சிகரெட் பற்ற வைக்கிறான். படம் அவனோடு போகவில்லை, அவளோடேயே இருக்கிறது. அவள் உள்ளே போய் ரத்தம் பட்ட ரவிக்கையை மாற்றுகிறாள். வாய்க்குள்ளேயே திட்டுகிறாள். சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்கிறாள். மூலையில் நின்று தனியாக அழுத பெண், யாரோ வாங்கிப் போக மறந்த கைக்குட்டையில் ஐஸைச் சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் உதட்டில் ஒற்றுகிறாள். அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: நாளைக்கு யாராவது கேட்டால், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பெண் சொல்லிப் பார்க்கிறாள். குரல் நடுங்குகிறது. மறுபடி சொல்லச் சொல்கிறாள். மறுபடி. கடைசியில் அந்தப் பொய் உண்மை மாதிரியே வருகிறது. "இப்போ சரி" என்கிறாள் அம்மா.

அடுத்து, மறுநாள் காலை. ஒரு வாடிக்கையாளர் நின்றுபோன இயந்திரத்தை ஓங்கித் தட்டுகிறார். அது ஓடுகிறது. "இதுக்கெல்லாம் ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வரும்" என்று சிரிக்கிறார். அம்மாவும் பெண்ணும் சிரிக்கவில்லை. பார்க்கிற நம்மாலும் சிரிக்க முடியவில்லை.

கத்தரி விளக்கைப் போடவில்லை. எனக்கும் எழ மனமில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு படம் பார்த்தோம் என்று தோன்றியது.

பிப்ரவரி 13, வியாழன்

மாப்பிள்ளையின் முதல் கேள்வி: "சலவைக் கடைப் படம் பன்னிரண்டு வயசுச் சான்றுக்கு வருமா?"

பிப்ரவரி 17, திங்கள்

டைரக்டர் வந்திருந்தாள். முதல் படம். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பதும் குடிக்காமல் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

"சார், எத்தனை நிமிஷம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. அந்த ஐஸ் சீன்ல மட்டும் கை வைக்காதீங்க."

"அதுலதான் எல்லாரும் கை வைப்பாங்க."

"அந்தப் பொண்ணு வயசுல இருக்கறவங்க பார்க்கணும்னுதான் எடுத்தேன். பதினெட்டு கொடுத்துட்டா, யாருக்கு எடுத்தேனோ அவங்க வாசல்லயே நிப்பாங்க."

குளிர்நாட்டுக்காரர்கள் முழுப் படத்துக்கும், பெற்றோர் கூட வந்தால் பதினோரு வயதிலேயே பார்க்கலாம் என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். காட்டினாள். நம் நாட்டிலும் அப்படி வருமா என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முயற்சி பண்றேன்" என்றேன். அதுவும் பொய்தானோ?

பிப்ரவரி 20, வியாழன்

மாப்பிள்ளையின் அறை. புது ஏசி, புது சோபா, பழைய மூளை.

"மச்சான், நாட்டுக்கு ஒரு காப்பியா வெட்டிட்டு இருந்தா எப்ப முடியும்? எல்லா நாட்டுக்கும் ஆகிற மாதிரி ஒரே காப்பி. பன்னிரண்டு சான்று. பள்ளிக்கூட லீவுல இறக்கிடலாம்."

"எல்லா நாட்டுப் பயத்தையும் ஒண்ணா கூட்டினா படத்துல மிச்சம் என்ன இருக்கும் மாப்பிள்ளை?"

"அதை நீங்கதானே பார்த்துச் சொல்லணும்? படிச்சவரு."

இந்த "படிச்சவரு" எனக்கு எத்தனை வருடமாக விழுகிறது! என் தங்கை அவரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செருப்பைக் கழற்றுவதுபோல்தான் சொல்கிறார்.

சரி. படித்தவன் எப்படி வெட்டுவான் என்று காட்டுகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ரத்தம் — ஒரு நாட்டுக்காக வெளியே, உதட்டில் ஒற்றும் ஐஸும் அதோடு. ரவிக்கை மாற்றுவது — தோள்பட்டை, இன்னொரு நாட்டுக்காக. வாய்க்குள் திட்டுவது — இரண்டு வார்த்தை, பெரிய நாட்டுக்காக. வாசலில் சிகரெட். தனியாக அழும் பெண். அப்புறம் நம் நாட்டுக்காக, குழந்தைக்குப் பொய் சொல்லிக்கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த நாடு, எந்த விதி என்று ஒன்று விடாமல் எழுதினேன். குளிர்நாடு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

அறை? அறை எங்கேயும் தடை இல்லை. ஒரே அடி, ஆயுதம் இல்லை, இப்போது ரத்தமும் இல்லை. என் அட்டவணையின் மொழியில் அதற்குப் பெயர் "லேசான வன்முறை". எல்லா நாடும் ஒற்றுமையாக அனுமதித்த ஒரே விஷயம் அதுதான். அடி இருக்கலாம், காயம் கூடாது. வலித்தால்தான் வயது கூடும்.

"சார், நிஜமாவே இப்படி வெட்டணுமா?" என்றாள் கத்தரி.

"வெட்டு. பார்த்துட்டு அந்த மனுஷன் வெக்கப்படட்டும்."

"அவரா?"

"யாராவது ஒருத்தராவது வெக்கப்படணும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வெட்டினாள். மாலையில் போட்டுப் பார்த்தோம். குதறிப் போட்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. முதலில் இருந்த முழுப் படம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அப்படித் தெரிந்தது என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

மாப்பிள்ளை பார்த்தார்.

"மச்சான்! கச்சிதம்! முதல்ல ஒரே அழுகாச்சியா இருந்துச்சு. இப்ப பாருங்க, சும்மா குதிரை மாதிரி ஓடுது!"

என் தோளில் தட்டினார். சோபாவில் உட்காரச் சொன்னார். எனக்கு டீ சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் முறை.

நான் திட்டியதை அவர் பரிசாக வாங்கிக்கொண்டார். நக்கலாகச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் புரியுமா? டீயைக் குடித்தேன். ஏன் குடித்தேன்?

மார்ச் 2, ஞாயிறு

சோதனைத் திரையிடல். கம்பெனிக்காரர்களின் குடும்பங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். தங்கையும் அவள் பெண்ணும் எனக்குப் பக்கத்தில். டைரக்டருக்குச் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேஜை. பளார் என்று அறை. அடுத்த நொடி வாடிக்கையாளர் இயந்திரத்தை ஓங்கித் தட்டுகிறார். ஓடுகிறது. "இதுக்கெல்லாம் ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வரும்."

அரங்கமே சிரித்தது. பிள்ளைகள், பெரியவர்கள், கதவோரம் நின்ற வாட்ச்மேன் வரை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மாமா, செம டைமிங்!"

டைமிங். நானும் கத்தரியும் கொடுத்த டைமிங்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 3, திங்கள்

சிரிச்சுட்டேன். அந்தப் பொண்ணு குரல் நடுங்க நடுங்கச் சொன்னதை அத்தனை தடவை கேட்டவன் — எல்லாம் தெரிஞ்சவன் — வாய் தானா திறந்துக்கிச்சு. வேலைக்குப் போகவில்லை. பல் தேய்க்கும்போதுகூட வாயைத் திறக்க அருவருப்பாக இருந்தது.

மனைவி வாசலில் நின்று "உடம்பு சரியில்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்ன பண்ணுது?" என்றாள். என்ன பண்ணுகிறது என்று சொல்வது?

இதுவரை நான் வெட்டியதெல்லாம் குப்பை. குப்பையில் கொஞ்சம் எடுத்தால் குப்பை கெட்டுவிடாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் மேஜையில் உட்கார்ந்து எல்லோரையும் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இது அப்படியில்லை. அடி வாங்கியவள் பக்கம் நின்ற படத்தை எடுத்து, அடித்தவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு இந்தத் திறமை கிடையாது. இதற்குப் படிப்பு வேண்டும்.

மார்ச் 5, புதன்

நம் நாட்டுச் சான்றிதழ் குழுவுக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். வெட்டின காப்பி ஒரு டிஸ்க்கில். முழுப் படம் இன்னொன்றில். இரண்டும் என் மேஜையில் கிடந்தன.

இங்கே ஒரு விதி உண்டு. ஒரு படத்தின் ஒரு காப்பிக்குச் சான்று வாங்கிவிட்டால், வேறு காப்பியை ஒரு வருடத்துக்குக் காட்ட முடியாது.

கத்தரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "சார், வெட்டினது நீலப் பெட்டி."

"தெரியும்."

முழுப் படம் இருந்த கறுப்புப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். அவள் திரும்பித் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

குழு பதினைந்து கொடுத்தால் போதும். முழுப் படத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேராவது பார்க்கலாம். குளிர்நாட்டுச் சான்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

குழு. ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர். ஒரு பள்ளித் தலைமையாசிரியை, ஒரு பல் டாக்டர், இன்னும் சிலர். யாருக்கு யார் வேண்டியவர் என்ற கணக்கில் நியமனம் ஆனவர்கள். படம் முடிந்ததும் பிஸ்கட் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள்.

தலைமையாசிரியை தொடங்கினார். "அம்மாவே பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்குறா. இதை எப்படிப் பசங்க பார்க்கிறது?"

"அறைஞ்சதுல உங்களுக்கு ஆட்சேபம் இல்லையா மேடம்?" என்றேன்.

"குடும்பப் படம்னா அதெல்லாம் வரத்தானே செய்யும்."

பல் டாக்டர் நல்ல மனிதராகத் தெரிந்தார். "உதடு வீங்கறதை ரொம்பச் சரியா காட்டியிருக்காங்க சார். என் கிளினிக்ல பார்க்கிற மாதிரியே இருக்கு."

"அப்படீன்னா?"

"அதுதான் பிரச்சினை. இவ்வளவு சரியா இருந்தா பசங்க பயந்துருவாங்க."

அவர் கிளினிக்கில் பார்க்கிறாராம்! பார்த்துவிட்டு என்ன செய்கிறார்? வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொள்கிறாரா?

குளிர்நாட்டுச் சான்றைக் காட்டினேன். அங்கே பதினோரு வயதிலேயே அம்மா அப்பாவோடு பார்க்கலாம் என்றேன்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். "அந்த ஊர்ப் பிள்ளைங்க வேற, நம்ம பிள்ளைங்க வேற."

"வலியும் வேறயா சார்?"

"வலி எல்லாருக்கும் பொதுதான் தம்பி. சான்றிதழ் எங்களோடது."

எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய என்னைத் தம்பி என்றதற்கும் சேர்த்து.

பதினெட்டு.

எனக்கு முன்னால் போன படத்தில் ஒருவன் ஒரு தெருவையே சுட்டுத் தள்ளுகிறான். யாருக்கும் சொட்டு ரத்தம் வரவில்லை. அதற்கு "அனைவரும் பார்க்கலாம்". தயாரிப்பாளர் வராந்தாவில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார். வேண்டாம் என்றேன். சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்.

மார்ச் 12, புதன்

"நீங்களே வெட்டிக் கொடுத்தீங்க. நீங்களே முழுசைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு என்னதான் வேணும் மச்சான்?"

முதல் முறையாக மாப்பிள்ளை ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"லீவு ரிலீஸ் போச்சு. ஒரு வருஷம் வெட்டின காப்பியைத் தொட முடியாது. வேற எவனாவது இருந்திருந்தா இந்நேரம் தெருவுல நிப்பான். உங்களை அனுப்பினா எனக்கு வீட்டுல சாப்பாடு கிடைக்காது. அதனால தப்பிச்சீங்க."

என்னைக் குடோனுக்கு மாற்றியிருக்கிறார். போஸ்டர்களில் வயது எண் போட்ட வட்டத்தைச் சரியான மூலையில் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த நாட்டில் வலது மூலை, பெரிய நாட்டில் இடது மூலை, ஒன்றில் வட்டமே சிவப்பு.

இரவு தங்கை போன் செய்தாள். "ஏண்ணா இப்படிப் பண்ற? அவரு உனக்கு என்ன குறை வெச்சாரு?" பட்டியல் போடலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். கடைசியில் அவளே தயங்கி, "அன்னைக்கு அந்தப் படத்துல... அந்தம்மா அடி வாங்கினதுக்கு அப்புறம் ஏதோ இருந்துச்சாமே. என்ன இருந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். பிறகு, "நான் சிரிச்சேன்ல" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

டைரக்டருக்குச் சொல்ல வேண்டிய கடமை. போன் செய்தேன். வெட்டியதையும் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன், பதினெட்டையும் சொன்னேன். நன்றாகத் திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஐஸ் சீன் முழுசா இருக்கா?"

"இருக்கு."

"அந்தப் பொண்ணா நடிச்ச குழந்தை எப்ப ரிலீஸ்னு தினமும் கேக்குது சார். அதுக்குப் பன்னிரண்டு. நடிக்கலாம், பார்க்கக் கூடாதுன்னு எப்படிச் சொல்றது?"

போனை அவள்தான் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெளியானது. பெரிய தியேட்டர் வளாகத்தின் கடைசி அரங்கு, ஒரு நாளைக்கு ஒரே காட்சி, மதியம். போஸ்டரில் வட்டம் சரியான மூலையில்.

ஏப்ரல் 10, வியாழன்

குடோனிலிருந்து நேராகத் தியேட்டருக்குப் போனேன். டிக்கெட் கிழிப்பவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு அம்மாவும் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும்.

"பதினெட்டு ஆகலேன்னா விட முடியாதும்மா. எங்களைக் கேஸ்ல மாட்டி விட்டுருவாங்க."

"நான் கூட இருக்கேனே."

"கூட யாரு இருந்தாலும் அதே கதைதான்."

"என்னங்க பெரிய பதினெட்டு? அவளுக்குத் தெரியாதது இதுல என்ன இருக்கு?" என்றாள் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை.

டிக்கெட் கிழிப்பவர் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "விதிம்மா" என்றார். பெண்ணை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அம்மா மட்டும் உள்ளே வந்தாள். எனக்கு அடுத்து ஒரு இருக்கை தள்ளி, அதே வரிசையில் உட்கார்ந்தாள். அரங்கில் அங்கொருவர் இங்கொருவர்.

சாப்பாட்டு மேஜை வந்தது. அறை விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரோ "ச்சே" என்றார்கள். திரையில் பெண் ஐஸைத் தேட ஆரம்பித்தபோது என் வரிசையில் இருந்த அந்த அம்மா சட்டென்று எழுந்து வெளியே போனாள்.

தாங்க முடியாமல் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

திரையில் பெண் ஐஸ் ஒற்றிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. அவள்தான். கையைப் பிடித்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் டிக்கெட் கிழிப்பவரின் முதுகு தெரிந்தது. திரும்பவில்லை. இருட்டில் தடவிக்கொண்டு என் வரிசைக்கே வந்தார்கள். பெண்ணின் பை என் முழங்காலில் இடித்தது. "சாரி அங்கிள்" என்றாள்.

எந்த வயதில் யார் எதைப் பார்க்கலாம் என்று எழுதியே காலம் தள்ளியவன் நான். காலை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டேன்.

"சீக்கிரம் உக்காரு" என்றாள் அம்மா. "இதைப் பாரு."